இரண்டு கரிகள்

அவரைக் குடும்பத்தின் கதை: பதினொன்றாம் அத்தியாயம்

தமிழகத்தார் பீன்ஸ் என்று சொல்லும் காயை நாம் போஞ்சி என்று வழங்குவதும், அப்பெயர் ஒல்லாந்தர் மொழியில் சிற்றவரையைக் குறிக்கும் சொல்லொன்றின் திரிபு என்பதும், பெயரளவில் ஒல்லாந்தரோடு உறவு கொண்ட அக்காய் நம் நாட்டில் குளிர்ந்த மலைச்சரிவுகளையே தனக்கு வாசஸ்தலமாகத் தெரிந்துகொண்டதும் சென்ற அத்தியாயத்தில் விவரிக்கப்பட்டன. இப்போது வாசகர்களை மலையிலிருந்து இறக்கி, அதே ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கிய கற்பிட்டிக்கு, ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் அணைத்து நிற்க நடுவில் நாக்கைப் போல் நீண்டு கிடக்கும் அந்த மணற்றிட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1807இல் இந்தக் கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் தாம் அச்சேற்றிய இலங்கை அகராதியில் இத்தீவின் ஊர்களையும் துறைகளையும் ஆறுகளையும் ஒன்றுவிடாமல் அகரவரிசையில் நிறுத்தி வைத்தார். அவருடைய கணக்கில் ஏறாத ஒரு பிரஜை அவர் நடந்த மணலிலேயே உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பிரஜையின் சரித்திரமும், அதை எதிர்த்து நிற்கும் சக்தி ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்கு எவ்வாறு இறங்குகிறது என்ற விசாரணையுமே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, கண்டக்குழி என்று களப்போரமாக வடக்கு நோக்கிப் போகிறவன் தன் இருபுறமும் காண்பது ஓர் அதிசயம். கையில் அள்ளினால் விரல்களுக்கிடையே நழுவி ஓடும் வெண்மணலின் மேல் வெங்காயமும் மிளகாயும் பாகலும் பயற்றங்காயும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதந்து கிடப்பதால், சில முழ ஆழத்திலேயே கிணற்றில் நன்னீர் கிட்டுகிறது. அந்த நீரை அளவோடு இறைத்து, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையேயுள்ள நீண்ட கோடையைக் கடப்பதுதான் இங்குள்ள விவசாயத்தின் முழு ரகசியமும். போஞ்சிக்கு இந்த வெப்பம் ஒவ்வாது. ஆகவே அவரைக் குடும்பத்தின் பிரதிநிதிகளாக இக்கரையில் கோலேறி நிற்பது பயற்றங்காயும், படர்ந்து கிடப்பது கௌப்பியுமே. இவ்விரண்டும் ஒரே இனத்தின் இரு வேஷங்கள் என்பதும், போஞ்சிக்கு இவை ஒன்றுவிட்ட சகோதரர் முறையாக வேண்டும் என்பதும் முன்னரே சொல்லப்பட்டன.

ஒரு கோடைப் பருவத்தின் பிற்பகலில் அப்படிப்பட்ட தோட்டமொன்றின் வேலியோரம் நின்றிருந்தேன். தோட்டத்துக்கு உரியவர் அறுபதைக் கடந்தவர். ஊரார் எல்லோருக்கும் அவர் நானா. பூவெடுத்துப் பிஞ்சு விடும் பருவத்தில் ஒரு வரிசைச் செடிகள் மட்டும் தலை கவிழ்ந்து, இலை உதிராமலே பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தன.

"தண்ணி காணாம வாடுது எண்டு நெனச்சு ரெண்டு நேரமும் இறைச்சேன், தம்பி," என்றார் அவர். "நிமிரவே இல்ல. பொறகு புடுங்கிப் பாத்தா வேரு கரியாக் கெடக்கு."

"உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா, நானா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் ஒரு செடியைப் பிடுங்கி, இடுப்புக் கத்தியால் அதன் அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். மேல்தோல் தானாகவே நார்நாராக உரிந்தது. உள்ளே, வெண்மையாக இருக்க வேண்டிய தண்டின் சதை முழுவதிலும், யாரோ மிளகை மிக நுண்மையாக அரைத்துத் தூவிவிட்டதைப் போலக் கருஞ்சாம்பல் நிறப் புள்ளிகள் அடர்ந்திருந்தன. விரலால் தேய்த்தால் கரித்தூள் ஒட்டுவது போல ஒட்டியது. அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்களவே பருமன் உடையது. ஒவ்வொன்றும் பூஞ்சண இழைகள் சுருண்டு இறுகி, கறுத்து, உறங்கிப்போன ஒரு முடிச்சு. செடி மக்கியதும் இம்முடிச்சுகள் மணலில் கலந்துவிடுகின்றன. காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கின்றன. மறுபடியும் ஒரு வேர் அருகே வந்து, வெயிலும் வறட்சியும் அந்த வேரின் சொந்தக்காரியைச் சோர்வடையச் செய்யும்போது கண் விழிக்கின்றன. கரியழுகல் என்று விவசாயத் துறையினர் சொல்லும் நோய் இதுதான். இதன் காரணகர்த்தாவாகிய பூஞ்சணத்தின் சாஸ்திரப் பெயர் மாக்ரோஃபோமினா ஃபாசியோலினா. பெயரின் பின்பாதி அவரை இனத்தைச் சுட்டுகிறது. முன்பாதியோ, வாசகர்கள் வியக்கக்கூடும், நம் பேராதனையிலே சூட்டப்பட்டது.

அந்தக் கதையைச் சொல்லப் புகுமுன், பேராதனைப் பூந்தோட்டத்தில் பூஞ்சணங்களைப் பற்றிய கவலை எப்படிப் புகுந்தது என்பதை நினைவுகூர வேண்டும். 1869இல் கோப்பிச் செடியின் இலையடியில் மஞ்சட்பொடி படிந்த மாதிரிகள் பேராதனையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, பார்க்லி என்ற பெரியார் அதற்குப் பெயரிட்டதும், 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கு வந்து இரண்டு வருஷ காலம் அந்தத் துருநோயின் வாழ்க்கைச் சக்கரத்தை ஆராய்ந்ததும், அதற்குள் கோப்பித் தோட்டங்கள் கையை விட்டுப் போய்விட்டதும் நான்காம் அத்தியாயத்தில் விரிவாகச் சொல்லப்பட்டன. ஒரே இனச் செடியை மலைமலையாக நட்டுவைத்தால் ஒரே பூஞ்சணம் அத்தனையையும் உண்டு தீர்த்துவிடும் என்ற பாடத்தை உலகுக்கு மிகுந்த விலை கொடுத்துக் கற்பித்தது இத்தீவு. அந்த அனுபவத்தின் பின்னர், பயிர்நோய்களைக் கண்காணிக்கவென்றே ஒரு பூஞ்சண சாஸ்திரி அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தார். 1905இல் அப்பதவிக்கு வந்தவர் டொம் பெட்ச்.

றப்பர், தேயிலை, தென்னை என்று எந்தப் பயிரின் வேர் அழுகினாலும் அது பெட்ச்சின் மேசைக்கு வந்தது. இலங்கையின் பூஞ்சணங்களை அவர் அளவுக்கு அறிந்தவர் அக்காலத்தில் ஒருவருமிலர். 1921இல் பேராதனைப் பூந்தோட்டத்தின் ஆண்டேட்டில், பிலிப்பைன் தீவுகளிலிருந்து கிடைத்த ஒரு பூஞ்சணத்துக்காக அவர் மாக்ரோஃபோமினா என்ற புதிய பேரினத்தை வகுத்தார். அப்போது அவர் பெயரிட்ட அந்த ஜீவனும், உலகத்தின் பல மூலைகளில் பலர் பல பெயர்களால் அழைத்துவந்த வேறு சில ஜீவன்களும் உண்மையில் ஒன்றே என்பது பின்னரே வெளியாயிற்று. இத்தாலியில் டாஸி என்பவர் 1901இல் அவரைச் செடியின் மீது கண்டு ஒரு பெயர் வைத்திருந்தார். 1905இல் மோப்ளாங் என்பவர் வேறொரு பெயர் வைத்தார். 1913இல் அமெரிக்காவில் டாபன்ஹாஸ் என்பவர் வற்றாளைக் கிழங்கை அழுகச் செய்த கறுப்பு முடிச்சுகளைக் கண்டு, கிழங்கின் பெயரையே அடைமொழியாக்கி மற்றொரு பெயர் சூட்டினார். முடிச்சு மட்டும் போடும் கோலத்தில் ஒரு பெயரும், வித்திகளைப் பெறும் கோலத்தில் இன்னொரு பெயருமாக இந்தப் பூஞ்சணம் இரட்டை வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தது. 1927இல் ஆஷ்பி என்பவர் அவ்விரு கோலங்களையும் இணைத்து, பெட்ச்சின் பேரினத்துக்குள் கொண்டுவந்தார். 1947இல் கொய்டானிச் அதற்கு இன்று வழங்கும் பெயரை நிலைநிறுத்தினார்.

இடையில் பேராதனை வாளாவிருக்கவில்லை. 1930இல் ஜே. சி. ஹேய்க் என்பவர் இதே பூஞ்சணத்தைப் பற்றிய விரிவான ஆராய்ச்சியொன்றை அதே ஆண்டேட்டில் வெளியிட்டார். பல செடிகளின் வேர்களிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த மாதிரிகளின் கறுப்பு முடிச்சுகளைப் பருமன்படி வரிசைப்படுத்தி, ஏ, பி, சி என்று மூன்று கூட்டங்களாக அவர் பிரித்தார். ஏ மிகப் பெரியது, சி மிகச் சிறியது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் இந்தப் பாகுபாட்டை எடுத்தாண்டார்கள். ஆனால் நம் கதைக்கு முக்கியமானது, ஹேய்க்கின் பாகுபாட்டிலே இல்லாத ஒன்று. முடிச்சின் அளவைக் கொண்டு அவர் பிரித்தார். இன்ன செடியை உண்பது, இன்ன செடியை விடுவது என்ற பழக்கத்தைக் கொண்டு அந்தப் பூஞ்சணத்தைக் கூறுபோடுவது எளிதன்று. ஏனென்றால் அது எதையும் விடுவதில்லை. சோளம், எள், சணல், நிலக்கடலை, பருத்தி, பயறு, உளுந்து, கௌப்பி, போஞ்சி என்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தாவர இனங்கள் அதன் உணவுப் பட்டியலில் உள்ளன.

எதையும் தேர்ந்துண்ணாத இந்தக் கரியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தேர்ந்தே உண்ணும் மற்றொரு கரியைப் பார்ப்போம். 1875இல் ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே லிண்டமூத் என்பவர் போஞ்சிக் காய்களின் மேல், ஓரம் சிவந்து நடுவில் குழிந்த கரும்புண்களைக் கண்டார்; அவருடைய பெயரையே அடைமொழியாகத் தாங்கிய அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நோய்க்கு அந்திரக்னோஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் அந்திரக்ஸ் என்றால் கரி. நோஸோஸ் என்றால் நோய். எனவே இதுவும் கரிநோய்தான். ஆனால் இரண்டு கரிகளுக்கும் குணம் எதிர்மாறானது. முன்னது வேரின் கரி, பின்னது காயின் கரி. முன்னதற்கு வெயிலும் வறட்சியும் தோழர். பின்னதற்குக் குளிரும் மழையும் தோழர். முன்னது கற்பிட்டி மணலுக்கு ஏற்றது. பின்னது பண்டாரவளைப் பனிக்கு ஏற்றது.

போஞ்சியில் நோயெதிர்ப்பின் பரம்பரையை மனிதன் முதன்முதலில் கணக்கிட்டது இந்தக் காயின் கரியை வைத்துத்தான். அமெரிக்காவின் கோர்னெல் சர்வகலாசாலையில் பாரஸ் என்பவர் பல போஞ்சி இனங்களை ஒரே நோய்க்கு உட்படுத்திப் பார்த்தபோது, ஒரு தோட்டத்திலிருந்து எடுத்த பூஞ்சணத்துக்குத் தலைவணங்கிய இனம் இன்னொரு தோட்டத்துப் பூஞ்சணத்துக்கு அசையாமல் நிற்பதை 1911இல் கண்டு வெளியிட்டார். பூஞ்சணத்திலும் குலங்கள் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று; 1918இல் அவர் அக்குலங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். அதே ஆண்டில் அதே சர்வகலாசாலையின் பேர்க்ஹோல்டர், நோய் தாங்கும் செந்நிற விதைப் போஞ்சியொன்றை, நியூயோர்க் மாகாணத்தார் விரும்பிப் பயிரிட்ட, ஆனால் நோய்க்கு எளிதில் இரையாகும் வெள்ளைப் போஞ்சியோடு கலந்து பிறப்பித்த சந்ததியின் கணக்கை எழுதினார். முதற்சந்ததி முழுவதும் நோயைத் தாங்கியது. அச்செடிகள் தம்முள் கருவுற்றுப் பெற்ற இரண்டாம் சந்ததியில் நான்கில் மூன்று தாங்கின, ஒன்று மடிந்தது.

மூன்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைக் கண்டதும் மொறேவியா தேசத்துத் துறவி மெண்டலின் பட்டாணிச் செடிகள் வாசகர்களின் நினைவுக்கு வரும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு மரபணுக்களைச் செடி தாங்குகிறது. எதிர்ப்பு ஆட்சியுள்ள குணமானால் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், செடி பிழைத்துவிடும். இரண்டும் இல்லாதது மட்டுமே மடியும். இதே நியமம் கோதுமையின் மஞ்சட்துருவிலும் செல்லும் என்று கேம்பிரிஜ் நகரத்துப் பிஃபன் 1905இலேயே காட்டியிருந்தார். அங்கே எதிர்ப்பு பின்னிடைந்த குணமாக இருந்ததால் விகிதம் தலைகீழாக வந்தது, அவ்வளவே. நோயைத் தாங்குவது ஈசன் அருளோ மண்ணின் விசேஷமோ அல்ல, முடியின் நிறத்தைப் போலப் பரம்பரையாக இறங்கும் சொத்து என்பது இவ்வாறு ஸ்தாபிதமாயிற்று. விவசாயிகளுக்கு இதைவிட நற்செய்தி எது? ஒரே மரபணு, அதை நல்ல காய் காய்க்கும் இனத்துக்குள் புகுத்திவிட்டால் கவலை தீர்ந்தது.

தீரவில்லை. 1923இல் பேர்க்ஹோல்டரே காமா என்ற மூன்றாவது குலத்தைக் கண்டார். வெனிசுவேலாவின் கரிய போஞ்சியொன்றிலிருந்து வந்த ஆரே என்ற எதிர்ப்பு மரபணுவை 1960இல் ஒல்லாந்து தேசத்து மாஸ்டன்புரூக் விவரித்தார். அது வலிமை மிக்கதாயிருந்ததனால் ஐரோப்பிய இனங்கள் பலவற்றில் புகுத்தப்பட்டது. 1970களில் ஜெர்மனியில் கப்பா என்ற குலம் தோன்றி அதையும் கடந்தது. ஏன் இப்படி? இதற்கு விடை கண்டவர் போஞ்சிக்காரரே அல்லர். வட டக்கோட்டாவில் ஆளிவிதைச் செடியின் துருநோயை ஆராய்ந்த ஃபுளோர் என்பவர், செடியை மட்டுமன்றித் துருவையும் கலந்து பிறப்பித்து, இருபக்கச் சந்ததிகளையும் கணக்கிட்டார். செடியிலுள்ள ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சணத்தில் அதற்கு இணையான ஒரு மரபணு உண்டு. வீட்டுக்காரன் திருடனை அவன் செருப்பொலி கொண்டு அடையாளம் காண்பது போலச் செடி பூஞ்சணத்தை அந்த இணையால் அடையாளம் காண்கிறது. பூஞ்சணம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தால் வீட்டுக்காரன் உறங்கிக்கொண்டே இருப்பான். 1942 முதல் ஃபுளோர் எழுதிவந்த இந்த ஒன்றுக்கொன்று என்ற தத்துவம்தான் பயிர்நோய் மரபியலுக்கு இன்றும் அஸ்திவாரம்.

அந்தத் தத்துவத்தின் மீது எழுந்த ஓர் அழகான கணக்குமுறையை வாசகர்களுக்குக் காட்டாமல் மேலே போக மனம் வரவில்லை. கிரேக்க எழுத்துகள் போதாமற்போனதால், அந்திரக்னோஸ் ஆராய்ச்சியாளர் பன்னிரண்டு போஞ்சி இனங்களைப் பரீட்சகராக நியமித்து, முதலாவதுக்கு 1, அடுத்ததுக்கு 2, பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பன்னிரண்டாவதுக்கு 2048 என மதிப்பிட்டார்கள். புதிதாக அகப்பட்ட பூஞ்சணம் எந்தெந்தப் பரீட்சகரை வீழ்த்துகிறதோ அவர்களின் மதிப்புகளைக் கூட்டினால் வருவதே அதன் பெயர். முதலாவது, நான்காவது, ஏழாவது ஆகிய மூன்றை மட்டும் வீழ்த்தினால் 1, 8, 64; ஆக, அது 73ஆம் குலம். இரட்டிக்கும் எண்களாதலால் ஒரு கூட்டுத்தொகையை இன்னொரு வழியில் பெற முடியாது. எண்ணைக் கேட்டதும் அந்தக் குலத்தின் ஜாதகமே தெரிந்துவிடும். பன்னிரண்டாவது பரீட்சகர் மெக்சிகோவின் சியாபஸ் பிரதேசத்துப் போஞ்சி. ஜி 2333 என்பது அதன் பதிவெண். அதனுள் ஒன்றல்ல, மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் ஒருங்கே குடியிருப்பதால் மிகச் சில குலங்களே அதனை அசைக்கின்றன. ஒரு பூட்டுக்குப் பதில் மூன்று பூட்டு.

ஆனால் மரபணுக்களைவிட முன்னதாகவே அமெரிக்க விவசாயிகளை இந்தக் கரியிலிருந்து காப்பாற்றிய உபாயம் ஒன்றுண்டு. நோய் விதையோடு ஒட்டிச் செல்வது. மழையின்றி அது காயிலிருந்து காய்க்குத் தாவ முடியாது. ஆகவே விதைக்காகப் பயிரிடுவதை மட்டும் மழை குறைந்த மேற்கு மாகாணங்களுக்கு, இடாஹோ போன்ற வறண்ட நிலங்களுக்கு மாற்றினார்கள். அங்கே வாய்க்கால் நீரில் விளைந்த விதை கறையில்லாமல் வந்தது. வறட்சியே வைத்தியனாயிற்று.

இங்கேதான் நம் கற்பிட்டித் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனென்றால் காயின் கரிக்கு வைத்தியனான அதே வறட்சிதான் வேரின் கரிக்கு விருந்தளிப்பவன். நானாவின் தோட்டத்துச் செடிகளுக்கும் ஓர் எதிர்ப்பு மரபணுவைப் புகுத்திவிடலாகாதா என்ற கேள்வி எவருக்கும் எழும். ஐந்நூறு செடிகளை உண்பவன் எந்த வீட்டுக்கும் பிரத்தியேகமாகச் செருப்பணிந்து வருவதில்லை. எனவே அவனை ஒலிகொண்டு அடையாளம் காணும் ஒற்றை மரபணுவை எதிர்பார்ப்பது வீண். கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிலையத்தில் உருவான பாட் 477 என்ற போஞ்சி, கரியழுகலைத் தாங்கி நின்றது. 1996இல் ஒலாயா, அபாவி, வீடன் என்ற மூவர் அதை ஒரு நலிந்த இனத்தோடு கலந்து ஆராய்ந்தபோது, மூன்றுக்கு ஒன்று என்ற பழைய விகிதத்துக்குரிய ஒற்றை மரபணு அங்கே இருக்கவில்லை. எம்பி 1, எம்பி 2 என்று இரண்டு ஆட்சி மரபணுக்கள் இருந்தன. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் எதிர்ப்பு, ஒன்று குறைந்தாலும் செடி வாடும். இப்படிப்பட்ட கூட்டுக்குடித்தனத்தில் இரண்டாம் சந்ததியின் பதினாறு பங்கில் ஒன்பதே தாங்கும், ஏழு மடியும் என்பது மெண்டலின் நியமத்திலிருந்தே பிறக்கும் கணக்கு. மெண்டலும் போஞ்சியை அறியாதவரல்லர். பட்டாணியோடு நில்லாமல் போஞ்சிகளையும் கலந்து பார்த்த அவர், பூவின் நிறம் தம் கணக்குக்குள் அடங்காததைக் கண்டு, அந்நிறம் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கூறுகளின் சேர்க்கையாக இருக்கலாம் என்று 1866இல் அச்சான தம் கட்டுரையிலேயே குறித்துவைத்தார்.

இரண்டோடும் முடியவில்லை. நம் பயற்றங்காய்க்கு நேர் உறவான கௌப்பியில், கலிஃபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த முச்செரோவும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மரபுத்தொடரில் ஒன்பது வெவ்வேறு இடங்கள் கரியழுகலை எதிர்ப்பதில் பங்குகொள்வதாகக் காட்டியது. சில பெரும் பங்கும் சில சிறு பங்கும் செலுத்துகின்றன. அவற்றில் சில, செடி எப்போது முதிர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் இடங்களோடு ஒட்டிக் கிடக்கின்றன. எதிரியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் வங்காளதேசத்து மக்சுதுல் ஆலமும் அவர் குழுவினரும் சணற்செடியிலிருந்து பிரித்த மாக்ரோஃபோமினாவின் மரபுத்தொடர் முழுவதையும் வாசித்து முடித்தார்கள். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள். அவற்றுள் செடியின் அணுச்சுவரைக் கரைக்கும் நொதிகளுக்கானவை ஏராளம். பூட்டுக்குத் திறவுகோல் தேடும் திருடன் அல்ல இவன். சுவரையே இடித்துக்கொண்டு வருபவன்.

அப்படியானால் பாட் 477 எதைக் கொண்டு தாங்கியது என்று யோசித்தால், வேறொரு பெருமைக்கும் அந்த இனம் பெயர்பெற்றது என்பது நினைவுக்கு வருகிறது. வறட்சியில் மற்ற போஞ்சிகள் துவளும்போது அது வேரை ஆழமாக இறக்கி அடிநீரைத் தேடிக்கொள்ளும். நோயை எதிர்ப்பதும் தாகத்தைத் தாங்குவதும் ஒரே மரபணுவின் வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோர்ந்த செடியையே நாடிச் செல்லும் ஒரு பூஞ்சணத்தின் முன்னிலையில் இரண்டு குணங்களும் ஒரே திசையில் இழுக்கின்றன என்பதில் ஐயமில்லை. காயின் கரியை எதிர்ப்பது எதிரியை அடையாளம் காணும் ஞானம். வேரின் கரியை எதிர்ப்பது பெரும்பாலும் தன்னைத் தளரவிடாத தேகபலம். முன்னதை ஒரு விதைக்குள் முழுமையாக அடைத்துக் கொடுக்கலாம். பின்னதில் பாதியைத்தான் விதை கொடுக்க முடியும். மறுபாதியை மண் கொடுக்க வேண்டும்.

இதைத்தான் அன்று அந்த வேலியோரத்தில் சொல்ல முயன்றேன். கத்தியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்ட நானா, "இந்த வருத்தம் வராத வெத ஒண்டு எங்கயாச்சும் இருக்கா, தம்பி?" என்று கேட்டிருந்தார். மலைநாட்டுத் தோட்டக்காரர் காயின் கரியைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டிருந்தால் ஆம் என்று, சிறிது காலத்துக்காவது, தலையசைத்திருக்கலாம். கடற்கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல நா எழவில்லை. பயிரை மாற்றி மாற்றி நட்டால் தீருமா என்றால், ஐந்நூறையும் உண்பவனுக்கு மிளகாயும் ஒன்று பயறும் ஒன்று. வயலைப் போல நீர் கட்டி வைத்தால் கரித்துகள்கள் விரைவில் செத்துவிடும். ஆனால் ஊற்றிய நீரை ஊற்றியபடியே விழுங்கும் மணலில் நீர் கட்டுவது எங்ஙனம்? எஞ்சுவன சிறிய காரியங்கள்: வாடிய செடியை வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே அகற்றுவது, அதன் காயிலிருந்து விதை எடுக்காதிருப்பது, செடிகளை நெருக்கி நடாமல் ஒவ்வொன்றுக்கும் தன் பங்குத் தண்ணீர் கிட்டச் செய்வது, பூவெடுக்கும் பருவத்தில் ஒரு நாளும் மணல் காயாமல் பார்ப்பது.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு வேலிக்கு அப்பால், தென்னந்தோப்பின் ஓரத்தில் குவிந்து கிடந்த தும்புத்தூளைக் காட்டி, அதை மணலில் கலந்தால் ஈரம் நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்றேன். நான் வெளியேறும்போது அவர் பிளந்த தண்டைக் கீழே போடாமல், ஏனைய வாடிய செடிகளோடு சேர்த்து ஒரு பழைய உரச்சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியைக் கிணற்றடியில் கழுவப் போனேன்; "பாத்தி ஓரமாக் கழுவாதீங்க, தம்பி," என்றார்.

(அடுத்த அத்தியாயம்: சிறகவரை)